பெரியப்பா வீட்டில் நாற்பத்திரண்டு அறைகள்

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பன்னிரண்டு வீடுகள். மே மாதம் பிறந்தால் என் வீட்டு ஆணியில் பதினொரு சாவிகள் தொங்கும்.

காரணம் ரொம்ப எளிது. மற்ற பதினொரு வீட்டுக்காரர்களுக்கும் ஊர் இருக்கிறது. ஒருவருக்குத் தூத்துக்குடி, ஒருவருக்குச் சேலம், இரண்டு பேருக்குக் கும்பகோணம் பக்கம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த மறுநாளே பெட்டி கட்டிக்கொண்டு, "அண்ணா, சாவி. துளசிக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். திருமுல்லைவாயிலில் மிச்சம் இருப்பது நானும் என் மனைவியும் மகளும், பதினொரு துளசியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டடம் நிற்கிற மனையே என் அப்பாவுடையது. பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்ததில், என் பங்குக்குத் தரைத்தளத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்து வீடு வந்தது. நான் பிறந்த இடம் இப்போது கார் பார்க்கிங்கில் நாலாம் நம்பர் கட்டத்துக்குக் கீழே வருகிறது. அதன்மேல் தூத்துக்குடிக்காரருடைய வெள்ளைக் கார் நிற்கிறது. ஆக, இந்தக் கட்டடத்தில் சொந்த ஊரில் குடியிருப்பவன் நான் ஒருவன்தான். ஊர் இல்லாதவனும் நான் ஒருவன்தான்.

என் மனைவிக்குப் பூந்தமல்லி. அதையும் ஊர் என்று சொல்லலாம்தான். ஆனால் அவள் ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினால், அடுப்பிலிருந்து இறக்கிய பால் ஆறுவதற்குள் திரும்பிவிடுவாள். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் மோட்டார் மெக்கானிக். அம்பத்தூரிலிருந்து வெள்ளானூர் வரைக்கும் தண்ணீர் ஏறாத வீட்டுக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்பதாவதோடு நின்ற படிப்பு. மிச்சத்தையெல்லாம் மோட்டாரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பேசுகிற வீட்டுக்காரர்களிடம் படித்தேன். தண்ணீர் வராத வீட்டில் மனிதர்கள் மனம் திறந்து பேசுவார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு அம்மா சொன்னார், "எங்க வீட்டுக்காரருக்கும் இந்த மோட்டாருக்கும் ஒரே வியாதி தம்பி. சத்தம் வருது, வேலை நடக்கல." இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கூலி பாதி வந்த மாதிரி.

பேச்சை விட்டு எங்கேயோ போகிறேன். ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மே மாதம் இரண்டாம் மாடிக்காரர்களின் மீன் ஒன்று என் பொறுப்பில் இருக்கும்போது செத்துப்போனது. அதே நிறத்தில், அதே அளவில் ஒன்றைத் தேடி வாங்கிவந்து தொட்டியில் விட்டேன். அவர்கள் திரும்பிவந்து பார்த்துவிட்டு, "பத்து நாள்ல நல்லா சுறுசுறுப்பாயிடுச்சேண்ணா, என்ன போட்டீங்க?" என்றார்கள். அன்றைக்கு என் மனைவி பொங்கிவிட்டாள்.

"இன்னாயா இது? அவனவன் குடும்பத்தோட ஊருக்குப் போய்கினு கீறான். நாம அவன் ஊட்டு மீனுக்குக் கருமாதி பண்ணிகினு கீறோம்."

மகளுக்கு அப்போது நாலு வயது. அவளும் சேர்ந்துகொண்டாள்.

"நம்ம ஊரு எதுப்பா?"

"இதாம்மா."

"இது ஊடுப்பா. லீவுக்குப் போற ஊரு எது?"

யோசித்துப் பார்த்ததில், ஒரு தடவை கல்யாணத்துக்காக மதுரை போனது நினைவுக்கு வந்தது. மண்டபத்துக்கு வழி கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இங்கிட்டு நேராப் போங்கண்ணே, அங்கிட்டுத் திரும்புங்க. எங்கிட்டுன்னு தெரியலேன்னா திரும்பி வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் தாடையால்தான் திசை காட்டுவார்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே மதுரையை எங்கள் ஊராக்கிக்கொண்டேன். அங்கே எங்களுக்கு ஒரு ஈ, காக்கை உறவு கிடையாது. மற்றபடி எல்லா விதத்திலும் சொந்த ஊர்தான்.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜில் இறங்கினோம். மூன்று மாடி. மூன்றாம் நாள் காலையில் தலைக்கு ஷாம்பு போட்ட நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. கீழே மேனேஜரைச் சுற்றி அரைக் குளியல் ஆட்கள் ஏழெட்டுப் பேர். மேனேஜர் ஐம்பதைத் தாண்டிய மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. "மெக்கானிக்கு நாளைக்குத்தேன் வருவாரு" என்று கைகூப்பிக்கொண்டிருந்தார். நுரைத் தலையோடு போய்த் தரைக்கடித் தொட்டியை, அதாவது சம்பை எட்டிப் பார்த்தேன். குழாய் அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற ஃபுட் வால்வில் ஒரு கந்தல் துணி மாட்டியிருந்தது. எடுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போட்டேன். மூன்று மாடியிலிருந்தும் "வந்துருச்சு!" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்த மாதிரி வரவேற்பு எனக்கு என் கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை.

"அடுத்த வருசமும் வாங்கண்ணே. அந்த ரூமு உங்களுக்குத்தேன்" என்றார் மேனேஜர்.

மறுவருஷமும் போனோம். முந்நூற்று நாலாம் நம்பரை நிஜமாகவே வைத்திருந்தார். அந்த அறை ஜன்னலில் வலது காதைக் கம்பியோடு அழுத்திக்கொண்டு பார்த்தால், பக்கத்துக் கட்டடத்துக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி கோபுரத்தின் உச்சி கொஞ்சம் தெரியும். அன்றிலிருந்து வருஷா வருஷம், திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு, நாலு நாள் அங்கேதான். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே ஊரிலிருந்து திரும்பிவிடும் சேலத்துக்காரரிடம் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டுப் பகல் ரயிலில் கிளம்புவோம்.

போய் இறங்கினதும் மேனேஜர் கவுண்டரை விட்டு வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொள்வார். "இளைச்சுட்டீகளே" என்பார். மகளின் கன்னத்தைத் தொட்டு, "தாயி, உன் சன்னல் உனக்காகக் காத்துக்கெடக்கு" என்பார். அதெல்லாம் முடிந்ததும் கவுண்டருக்குள் போய் உட்கார்ந்து, முகத்தை மாற்றிக்கொண்டு, "ஆதாரு?" என்பார்.

"அண்ணே, போன வருஷமும் அதே மூஞ்சிதாண்ணே."

"சட்டம்ணே."

பிறகு மோட்டாரைக் காட்டுவார். நான் குனிந்து பார்ப்பேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். எங்கள் விடுமுறை இப்படித்தான் தொடங்கும்.

மகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். என்னைவிட மூத்தவர், வேறு எப்படிக் கூப்பிடுவாள்? பெரியப்பா இருக்கிற இடம் பெரியப்பா வீடு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாக அப்படி ஆகிவிட்டது.

ஊருக்குப் போய் வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது எங்கள் கட்டடத்தில் எழுதாத விதி. முறுக்கு, தேங்காய், புது அரிசி என்று ஏதாவது பதினொரு வீட்டுக்கும் போகும். என் மனைவி தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து மதுரை மல்லி கொண்டுவருவாள். "உங்க ஊர்ப் பூ வாசமே தனி" என்று கும்பகோணத்து அம்மா ஒரு வருஷம் சொன்னதும், இவள் மூன்று நாள் என்னிடம் சண்டையே போடவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூன்றாம் மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை. என் மகள் வயதிலேயே, பத்து வயதில் ஒரு பெண். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. எல்லாம் சரி. அவர்கள் மதுரைக்காரர்கள். நிஜ மதுரைக்காரர்கள்.

ஒரு நாள் மாடிப்படியில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். என் கையெல்லாம் கிரீஸ்.

"அண்ணே, நீங்களும் மதுரையாம்ல! சொல்லவே இல்ல? பாப்பா எங்க பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கா. பெரியப்பா வீடு மூணு மாடியாம், லிஃப்டாம், நாப்பத்திரண்டு ரூமாம்!"

"ஆமா," என்றேன். "கொஞ்சம் பெரிய ஊடுதான்."

"எந்தப் பக்கம்ணே?"

"டவுன் ஹால் ரோடு."

"அங்கிட்டு வீடே கிடையாதேண்ணே! எல்லாம் லாட்ஜும் துணிக்கடையுமால்ல இருக்கும்."

"நடுவுல ஒன்னு கீது," என்று சொல்லிவிட்டேன்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் விடவில்லை. "இந்த மே மாசம் நாங்களும் ஊர்லதான்ணே. கண்டிப்பா வீட்டுக்கு வர்றோம். பிள்ளை அந்த வீட்டைப் பாத்தே ஆகணும்னு நிக்கிறா" என்றார்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். சாயந்திரம் மொட்டைமாடியில் பிள்ளைகள் கூடி அவரவர் ஊர்ப் பெருமை பேசுவார்களாம். ஒருத்தி ஊரில் ஆறு. ஒருத்தி ஊரில் ஆட்டுக்குட்டி. இவள் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள். ஒரு நாள் பெரியப்பா வீட்டைப் பற்றிச் சொன்னதும் எல்லோரும் வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

"நான் பொய் சொல்லலப்பா. நாப்பத்திரண்டு ரூம் இருக்குல்ல?"

"இருக்கு."

"லிஃப்ட் இருக்குல்ல?"

"இருக்கு."

"லாட்ஜுன்னு மட்டும்தான் சொல்லல." அதோடு உதடு பிதுங்கிவிட்டது. "அவளுக்குத் தெரிஞ்சா வேன்ல என் பக்கத்துல உக்கார மாட்டாப்பா. எல்லார்கிட்டயும் சொல்லிடுவா. அப்புறம் யாரு என்கூடப் பேசுவாங்க?"

நமக்கு இது சின்ன விஷயம். பத்து வயதில் வேனில் பக்கத்து சீட்டு காலியாவது என்பது பெரிய விஷயம். அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஊரு வேணாம், இங்கயே இருக்கலாம்" என்றாள். மீனுக்குச் சோறு போடக்கூடத் தயாராகிவிட்டாள்.

"எல்லாம் உன்னாலதான்," என்றாள் மனைவி. "நடுவுல ஒன்னு கீதாமே! துரை சொன்னாரு!"

ஆனாலும் கிளம்பினோம். ரயிலில் விழுப்புரம் தாண்டும் வரைக்கும் மகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள்.

"அப்பா, அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் அந்த லாட்ஜு போர்டைக் கழட்டி வெக்க முடியுமா? நீ மெக்கானிக்தான?"

லாட்ஜில் ஆதார் சட்டமெல்லாம் முடிந்த பிறகு மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"போர்டை எங்கிட்டுண்ணே கழட்டுறது? மூணு மாடி உசரத்துக்கு நிக்குது. வரட்டும். பிள்ளை மனசு நோகாமப் பாத்துக்குவோம்."

அவர்கள் வந்தது மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு. மேனேஜர் வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். வாடகை எழுதிய பலகையின்மேல் ஒரு சாமி காலண்டரை மாட்டியிருந்தார். சோபாவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் போண்டா, தேங்காய்ச் சட்னி. மகள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

மூன்றாம் மாடிக்காரர் மனைவியோடும் மகளோடும் வாசலில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் போர்டைப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! லாட்ஜே உங்களோடதாண்ணே? இதைச் சொல்லாம மறைச்சுப்புட்டீங்களே! இவ்வளவு சொத்தை வச்சுக்கிட்டா அங்க வந்து மோட்டாருக்குக் கிரீஸ் போடுறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் முதுகில் கிள்ளினாள். சொல் என்று கிள்ளினாளா, சொல்லாதே என்று கிள்ளினாளா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேனேஜர், "வாங்க வாங்க, எல்லாம் நம்ம வீடு மாதிரித்தேன்" என்று பொதுவாக ஒரு வார்த்தையைப் போட்டு போண்டாத் தட்டை நீட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெட்டியோடு இரண்டு பேர் உள்ளே வந்து, "டபுள் ரூம் இருக்குங்களா?" என்றார்கள். மேனேஜர் கையில் போண்டாவோடு ஒரு கணம் தவித்தார். பிறகு பழக்கதோஷம், தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கவுண்டருக்குள் போய், "ஆதாரு?" என்றார்.

இதற்குள் மூன்றாம் மாடிக்காரர் மகள் கவுண்டருக்குப் பின்னால் இருந்த சாவிப் பலகையைக் கண்டுவிட்டாள்.

"ஏய், எல்லாமே உங்க ரூமா? எதுல வேணா விளையாடலாமாடி?" ஓடிப்போய் இருநூற்று எட்டாம் நம்பர் சாவியை உருவிக்கொண்டு லிஃப்டைப் பார்த்து ஓடினாள்.

இருநூற்று எட்டில் திருச்சியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். ஐயா குளித்துக்கொண்டிருந்தார், அம்மா கடைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மேனேஜர் "தாயி! தாயி!" என்று எழுந்தார். நான் போண்டாவோடு நின்றேன். என் மகள்தான் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தாள்.

"குடுடி. அது எங்க ரூம் இல்ல."

"அப்ப எது உங்க ரூமு?"

"எதுவுமே இல்ல. இது லாட்ஜு. பெரியப்பா இங்க மேனேஜரு. எங்க சொந்தக்காரரு இல்ல. நாங்க வாடகைக்குத் தங்குறோம்." மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாகச் சொன்னாள். "எங்களுக்கு ஊரே கெடையாது."

ரூம் கேட்டு வந்தவர்கள் ஆதாரை நீட்டியபடியே நின்றார்கள். எனக்கு மகளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போண்டாவைப் பார்த்தேன்.

அந்தப் பெண் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். என் மகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"உங்க மூணு பேருக்கும் தனி பாத்ரூமாடி?"

"ம்."

"அம்மா!" என்று கத்தினாள் அவள். "இவங்களுக்குத் தனி பாத்ரூமாம்மா!"

அவள் அம்மா சோபாவில் மெதுவாக உட்கார்ந்தார். "வெந்நீர் வருமாண்ணே?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"காலையில ஆறுலேர்ந்து ஒம்போது வரைக்கும் வரும்மா."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஊர் வீட்டில் லீவுக்கு வந்த சொந்தம் மொத்தம் பதினாலு பேர். குளியலறை ஒன்று. விடியும் முன்பே வரிசை. மாமியாருக்கு ஒரு காப்பி, மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று, கொழுந்தனாருக்கு ஆறவைத்து ஒன்று. வந்த நாளிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வந்தது இன்றைக்குத்தானாம். கோபுரத்தையே இன்னும் பார்க்கவில்லையாம்.

"அங்க நான் மருமகதாண்ணே," என்றார். "இங்கிட்டு உக்காந்து ஒரு காப்பி மனுசியாக் குடிச்சுக்கிறேனே."

கணவர் கூரையைப் பார்த்தார். என் மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா மேல. எங்க ஜன்னல்ல கோபுரம் தெரியுது. காதைத்தான் கொஞ்சம் நசுக்கணும்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த அம்மா முந்நூற்று நாலில் வெந்நீர் கேட்காமல் பச்சைத் தண்ணீரிலேயே ஆற அமரக் குளித்துவிட்டு, தலைநிறையப் பூவோடு கீழே வந்தார். அவர் கணவர், "அண்ணே, வீட்ல கேட்டா கோயிலுக்குப் போனோம்னு சொல்லிக்கிறேன். நீங்களும் அப்பிடியே..." என்று என்னிடம் இழுத்தார். சொல்கிறேன் என்றேன். இப்போது எங்கள் இரண்டு பேர் கணக்கிலும் ஆளுக்கொரு பொய்.

மேனேஜருக்கு மட்டும் மனத்தாங்கல். மகளைக் கூப்பிட்டு, "சொந்தக்காரரு இல்லேன்னு நாலு பேரு முன்னால சொல்லிப்புட்டியே தாயி" என்றார். அவள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஒரு போண்டாவைக் கையில் கொடுத்தார். அவள் அழுகையை நிறுத்தாமலே அதைத் தின்றாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அவள் ஒழுங்காகத் தின்றது அதுதான்.

ஆனால் முக்கியமான விஷயம் இன்னும் முடியவில்லை. அந்தப் பெண் மொட்டைமாடியில் என்ன சொல்லப்போகிறாள்? ரயிலில் வரும்போது மகள் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மல்லிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் சாயந்திரம் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைச் சரிபார்க்க மொட்டைமாடிக்குப் போனேன். சரிபார்க்க ஒன்றுமில்லை. தொட்டிக்கு இந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆறு பேசியாயிற்று, ஆட்டுக்குட்டி பேசியாயிற்று. பிறகு தூத்துக்குடிக்காரர் மகள் கேட்டாள், "ஏய், நீ இவ ஊருக்குப் போனியாமே. நெஜமாவே நாப்பத்திரண்டு ரூமா?"

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தொட்டியோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆமா," என்றாள் மூன்றாம் மாடிப் பெண். "நான் எண்ணிப் பாத்தேன். லிஃப்ட்லயும் போனேன். போண்டா குடுத்தாங்க. ஆனா இவ பெரியப்பாதான் பயங்கர ஸ்ட்ரிக்ட்டு. வீட்டுக்கு யாரு வந்தாலும் ஆதார் கார்டு கேக்குறாரு."

"சொந்தக்காரங்ககிட்டயுமா?"

"சொந்தக்காரங்ககிட்டயும்தான்டி," என்றாள் என் மகள். "அது சட்டம்."